முள் யாருடையது?

கான்சாபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? பெரும்பாலும் போயிருக்க மாட்டீர்கள். சதுரகிரிக்குப் போகிற கூட்டம்கூட வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைப் பக்கம் திரும்பிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். நெல், தென்னை, மாந்தோப்பு, கண்மாய். கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆனாலும் கடல் மீன் வருகிறது. காலையில் ஒரு இளைஞர் மொபெட்டுக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹார்ன் அடித்தபடி தெருவுக்குள் நுழைகிறார். சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த நானும் ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

“சூரைண்ணே. தூண்டில் மீனு. வலை மீன் இல்ல.”

“ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?”

“என்னண்ணே இப்படிக் கேக்கிறீங்க? வலையில கெடந்தா நசுங்கிப் போயிரும். தூண்டில்ல ஒண்ணொண்ணா எடுக்கிறது. அதான் வெலை கூட.”

வாங்கினேன். நல்ல மீன். குழம்பும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், அந்த ‘ஒண்ணொண்ணா’ என்ற வார்த்தை மட்டும் சாப்பிட்ட பிறகும் தொண்டையில் நின்றது. காரணம், அதே ஊர்க் கண்மாய்க் கரையில் நாற்பது வருடங்களுக்கு முன்னால் நான் பார்த்த ஒரு தூண்டில்.

பள்ளிக்கூட லீவுக்கு அங்கே வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பின்னால் அலைவேன். மூங்கில் குச்சி, நரம்பு, நெட்டித் தக்கை, முள், ஒரு சிரட்டையில் மண்புழு. அவ்வளவுதான் அவருடைய தொழில்சாலை. தக்கை ஒரு துள்ளு துள்ளினால் கெண்டையா, கெளுத்தியா என்று சொல்லிவிடுவார். அப்படி ஒருநாள் தக்கை துள்ளவே இல்லை. மெதுவாக, யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல நகர்ந்தது. தூக்கினால், ஆமை.

ஒரு இழுப்பில் நரம்பை அறுத்து விட்டிருக்கலாம். தாத்தா அப்படிச் செய்யவில்லை. ஆமையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தார். அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், இவர் காத்திருப்பார். வெளியே நீட்டும், இவர் குச்சியால் வாயைத் திறந்து பார்ப்பார். பொழுது போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“தாத்தா, நாம மீனுக்குத்தானே போட்டோம்? அதுவா வந்து மாட்டுச்சு. நம்ம மேல என்ன தப்பு?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “முள்ளு யாருதுடா?” என்றார்.

அந்த வயதில் அது பதிலாகவே தோன்றவில்லை. இப்போது, கடல் தூண்டிலைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகு, அதைவிட நல்ல கேள்வி இருக்கிறதா என்று தெரியவில்லை.

தூண்டில் என்ற சொல் மாறவில்லை. அந்தச் சொல் குறிக்கிற பொருள் மாறிவிட்டது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துப் பரதவர், எறியுளி என்ற ஈட்டியைப் பெருமீன் மேல் எறிந்தார்கள். ஒரு கை, ஒரு உளி, ஒரு மீன். பிறகு, நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்று சொல்லப்படுகிற ஏற்பாடு வந்தது. நீளமாக ஒரு தாய்க்கயிறு. அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்குகிற கிளைக்கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள், ஒரு இரை. பெயரில்தான் ஆயிரம். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போகிறவர் தன் கையால் இரை கோத்து, தன் கையால் இழுக்க முடிந்த அளவுதான் கயிற்றின் நீளம். பருத்தி நூலோ சணலோ, நனைந்தால் கனக்கும், நாளானால் இற்றுப்போகும். கையின் பலம் எவ்வளவோ, அவ்வளவுதான் தூண்டிலின் பலம்.

அந்தக் கணக்கை மாற்றியது இயந்திரம். இந்த வித்தையில் முன்னால் போனவர்கள் ஜப்பானியர். கயிற்றை இழுக்க இயந்திரம் வைத்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த கடல் எல்லை நீங்கியதும், 1952-இல் அவர்களின் தூண்டில் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. பின்னாலேயே தைவான், கொரியா. முதலில் கயிற்றைத் துண்டு துண்டாகக் கூடைகளில் சுருட்டி வைத்தார்கள். ‘இன்றைக்கு எத்தனை கூடை’ என்பதுதான் கணக்கு. 1960-களின் பிற்பகுதியில் மைனஸ் 60 டிகிரி வரை உறைய வைக்கிற குளிர்ப்பெட்டிகள் வந்தன. பிடித்த சூரை மாதக்கணக்கில் கெடாது என்றால் கப்பல் எதற்குக் கரைக்குத் திரும்ப வேண்டும்? 1980-களில் ஒற்றை இழை நைலான் பரவியது. கூடை போய், ராட்சத உருளை வந்தது. கிணற்று ராட்டினத்தைப் படுக்க வைத்ததுபோல ஓர் உருளை, அதில் பல கிலோமீட்டர் நைலான். மிதவைகளில் ரேடியோ, பிறகு செயற்கைக்கோள். எந்தத் தண்ணீர் எத்தனை டிகிரி, மீன் எங்கே கூடும் என்று மேலிருந்து சொல்ல ஆட்கள். நம் ஊரிலேயே ஐதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ நிறுவனம் மீனவர்களுக்கு அந்தத் தகவலை அனுப்புகிறது.

இன்றைக்கு ஒரு பெரிய தூண்டில் கப்பல் ஒரு தடவை விடுகிற கயிறு நூறு கிலோமீட்டரையும் தாண்டும். முட்கள் சுமார் மூவாயிரம்.

நூறு கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? கான்சாபுரத்திலிருந்து நேராக ஒரு கோடு இழுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாகப் போய், கோவில்பட்டியைத் தொட்டு, ஓட்டப்பிடாரத்தை உரசிக்கொண்டு தூத்துக்குடிக் கடற்கரையில் முடியும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வழி நெடுக, முப்பது நாற்பது மீட்டருக்கு ஒரு முள் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் ஒன்று. டீக்கடை முன்னால் ஒன்று. பள்ளிக்கூடத்து கேட்டில் ஒன்று. இதை விட்டு முடிக்க ஐந்து மணி நேரம் ஆகிறது என்றால், ஆறு விநாடிக்கு ஒரு முள். திரும்ப இழுக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அடுத்த நாள் மறுபடியும்.

தாத்தாவின் தக்கை துள்ளியது, அவருக்குத் தெரிந்தது. கோவில்பட்டியில் தக்கை துள்ளினால் கான்சாபுரத்தில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மொபெட் இளைஞர் சொன்னது பொய்யில்லை. தூண்டிலில் மீனை ஒன்றொன்றாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால், ஒன்றொன்றாகத் தெரிந்து போடுவதில்லை. அந்த இடைவெளியில் சூரையோடு சுறா மாட்டுகிறது. கடலாமை மாட்டுகிறது. பறவைகூட மாட்டுகிறது. பறவை எப்படி என்று கேட்பீர்கள். இரை கோத்த முள் தண்ணீரில் மூழ்குவதற்கு முன் சில விநாடிகள் மிதக்கும். அதைக் கொத்துகிற பறவையைக் கயிறு தன்னோடு உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். தென்கடலில் ஆல்பட்ராஸ் என்ற பெரும்பறவைக்கு நடந்தது இதுதான். ஜப்பானியத் தூண்டில்களில் மட்டும் வருடத்துக்கு 44,000 ஆல்பட்ராஸ் சாவதாக 1991-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கணக்கிட்டார். அதில் ஒரு வகை இரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்தக் கப்பலில் இருந்த யாருக்கும் ஆல்பட்ராஸ் மேல் பகை கிடையாது. யாரும் அதைப் பிடிக்கப் போகவும் இல்லை. அதுவா வந்து மாட்டியது.

இங்கேதான் நம்முடைய பழைய தர்ம சங்கடம் வருகிறது. தெரியாமல் செய்தால் அது பாவமா?

நம் வழக்கத்தில் இதற்கு ஒரு தாராளமான பதில் உண்டு. மலைக்குப் போகிறவர்கள், கோயிலில் நிற்கிறவர்கள் எல்லோரும் தெரிந்து செய்ததற்கும் தெரியாமல் செய்ததற்கும் சேர்த்தேதான் மன்னிப்புக் கேட்கிறோம். தெரியாமல் செய்ததற்கு எதற்கு மன்னிப்பு என்று நான் சிறு வயதில் யோசித்திருக்கிறேன். தாத்தாவின் ஆமைதான் விளக்கம். மீனுக்குப் போட்டது உண்மை. ஆமை வரும் என்று அவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. ஆனால், முள் அவருடையது. அரை மணி நேரம் அவர் கட்டிய அபராதம் அதற்குத்தான்.

முதல் ஆமை தெரியாமல் மாட்டியது, சரி. ஆனால் பத்தாவது ஆமை? மூவாயிரம் முள்ளை வருடம் முழுக்க விடுகிறவருக்கு, எந்த முள்ளில் எந்த ஆமை என்பதுதான் தெரியாது. ஏதோ ஒன்றில் ஏதோ ஒன்று மாட்டும் என்பது தெரியும். இது ‘தெரியாது’ இல்லை. ‘பார்க்கவில்லை’. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாம் தினமும் அதை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

கடலை விடுங்கள். ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே பொத்தானில் ஆயிரம் பேருக்கு நோட்டீஸ் அனுப்புகிறவர் இருக்கிறார். அதில் ஒன்று, போன வாரம்தான் கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டும். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. நேரில் போயிருந்தால் வாசலிலேயே திரும்பி வந்திருப்பார். செல்போனில் வந்த ஒரு செய்தியை முந்நூறு பேருக்குத் தள்ளிவிட்டுத் தூங்கப் போகிற நாமும் கெட்டவர்கள் இல்லை. கயிறு நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். கயிறு நீள நீள, கைக்கு எதுவும் தெரிவதில்லை.

சரி, அப்படியானால் அந்தத் தூண்டில்காரர்தான் குற்றவாளியா? இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன். நீங்களும் நில்லுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாகச் சில கடற்கரை ஊர்கள். இந்தியாவில் ஆழ்கடல் தூண்டில் என்றால் இவர்கள்தான். கட்டுமரத்தில் சுறாவுக்குத் தூண்டில் போட்ட பரம்பரை. இன்றைக்குச் சின்ன விசைப்படகில் ஒரு மாதம், நாற்பது நாள் என்று கடலில் கிடக்கிறார்கள். கொச்சியில் மீனை இறக்குவார்கள். குஜராத் வரை போவார்கள். லட்சத்தீவுக்கு அப்பாலும் போவார்கள். ஜப்பான்காரரின் மூவாயிரம் முள் இவர்களிடம் கிடையாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது கரையில் இருந்தவர்களுக்குச் செய்தி தெரிந்தது. நடுக்கடலில் தூண்டிலோடு இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. மீன் எங்கே கிடைக்கும் என்று மேலிருந்து சொல்ல முடிந்த காலத்தில், சாவு வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கரையில் இருந்த நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த கயிறும் நீளமானதுதான்.

சுறாக்களில் சில வகைகளை 2001-இல் அரசு பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளுகிற கொடுமை உலகின் பல கடல்களில் நடந்ததால், துடுப்போடு முழுச் சுறாவாகத்தான் கரைக்கு வர வேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதியே தடையானது. சரியான காரியங்கள்தான். ஆனால், சுறாவின் இறைச்சியையும் விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தூத்தூர்க்காரரின் படகுக் கடனை யாரும் தடை செய்யவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகள் கடலடித் தரையையே வழித்துக்கொண்டு போகின்றன, இலங்கைத் தமிழ் மீனவர்களோடு தீராத தகராறு. அதற்கு மருந்தாக 2017-இல் அரசு முன்வைத்தது எதைத் தெரியுமா? இந்தத் தூண்டிலைத்தான். இழுவைமடியைக் கொடுத்துவிட்டு, சூரைத் தூண்டிலும் செவுள்வலையும் உள்ள ஆழ்கடல் படகுக்கு மாறுங்கள் என்றார்கள். படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. மூன்று வருடத்தில் இரண்டாயிரம் படகு என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை. காலையில் போய் மறுநாள் திரும்புகிறவரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிட என்றால் அது தொழில் மாற்றம் இல்லை, பிழைப்பு மாற்றம். ஆனாலும் அந்த யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. குஞ்சு குருமான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, தரையையும் பெயர்த்துக்கொண்டு போகிற மடியோடு ஒப்பிட்டால் தூண்டில் சாதுதான். ஓர் இடத்தில் வில்லனாக இருப்பது இன்னோர் இடத்தில் வைத்தியராக வருகிறது. ‘நல்ல கருவி, கெட்ட கருவி’ என்று பிரித்துவிட்டுத் தூங்கப் போக முடியாது.

பிறகு என்னதான் செய்வது? இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

ஆல்பட்ராஸுக்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் தூண்டில் கப்பலில் வேலை பார்த்த ஜப்பானியர்களே. கப்பலின் பின்பக்கம் ஒரு உயரமான கம்பத்திலிருந்து இன்னொரு கயிற்றை விட்டு, அதில் வண்ண நாடாக்களைத் தொங்கவிட்டார்கள். நம் ஊர் சோளக்கொல்லையில் கட்டுவோமே, அந்த மாதிரி. நாடா காற்றில் படபடத்தால் பறவை கிட்டே வராது. கிளைக்கயிற்றில் எடை கட்டினால் முள் சீக்கிரம் மூழ்கும். ராத்திரியில் கயிறு விட்டால் பறவை பார்க்காது. மூன்றும் பெரிய செலவில்லை. பறவை இரையைத் தின்னாவிட்டால் அவர்களுக்கும் லாபம்.

ஆமைக்கும் ஒரு வழி. வழக்கமான தூண்டில் முள் ‘ப’வின் ஒரு காலை நீட்டினாற்போல இருக்கும். நுனி மேல் நோக்கும். விழுங்கினால் குடலில் போய் மாட்டும். நுனியை உள்பக்கமாகத் திருப்பி, முள்ளை ஏறக்குறைய வட்டமாக வளைத்துவிட்டால்? பெரிய வட்ட முள்ளை ஆமை சுலபத்தில் விழுங்க முடியாது. மாட்டினாலும் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், கழற்றி விடலாம். ஹவாய் தீவில் ஆமைகளுக்காக நிறுத்தப்பட்டிருந்த வாள்மீன் தூண்டில் தொழிலை, 2004-இல் அமெரிக்க அரசு மறுபடி அனுமதித்தபோது இரண்டு முக்கிய நிபந்தனைகள் போட்டது. வட்ட முள், கணவாய்க்குப் பதிலாக மீன் இரை. ஆமை மாட்டுவது வெகுவாகக் குறைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வட்ட முள் புதுசே இல்லை. பசிபிக் தீவுக்காரர்கள் சிப்பியிலும் எலும்பிலும் அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். வட்ட முள் எல்லாவற்றுக்கும் மருந்தும் இல்லை. சுறா அதில் இன்னும் கூடுதலாக மாட்டுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால், யோசித்துப் பாருங்கள். தாத்தா அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு செய்ததை, ஒரு வளைவு செய்கிறது. நூறு கிலோமீட்டர் கயிற்றில் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு ஆள் காவலிருக்க முடியாது. ஆனால், போடுவதற்கு முன்னாலேயே ‘யார் யார் மாட்டுவார்கள்?’ என்று ஒருவர் யோசித்தால், அந்த யோசனையை முள்ளுக்குள்ளேயே வளைத்து வைத்துவிடலாம். கயிறு நீளமாகிவிட்ட உலகத்தில் இரக்கம் பிறகு வந்து பிரயோசனமில்லை. முன்கூட்டியே வர வேண்டும். நோட்டீஸ் அனுப்புகிற அதிகாரிக்கும் அதேதான். பொத்தானை அமுக்கும் முன் பட்டியலில் ஒருமுறை கண்ணை ஓட்டலாமே.

மிச்சம் இருப்பது நாம். சாப்பிடுகிறவர்கள். வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் விற்பவனையும் வாங்குபவனையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார். தின்கிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை என்பது அவர் கணக்கு. நான் மீனை விடப்போவதில்லை, உங்களை விடச் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. ஆனால், நான் மொபெட்காரரிடம் விலை கேட்டேன், செவுளைத் தூக்கிப் பார்த்தேன், வெட்டித் தரச் சொன்னேன். வேறு எதையும் கேட்கவில்லை. கூடுதல் விலை கொடுத்ததே ‘ஒண்ணொண்ணா’ என்ற சொல்லுக்காகத்தான். அப்படியிருக்க அந்தச் சொல் உண்மையா என்று பார்க்கிற பொறுப்பு என்னுடையதுதானே?

மறுநாள் கேட்டேன். “தம்பி, நேத்து குடுத்த சூரை எங்க பிடிச்சது?”

அவர் பெட்டியைத் திறந்தபடியே சிரித்தார். “தூத்துக்குடில இருந்து வண்டியில வருதுண்ணே. அதுக்கு அங்கிட்டு யாருக்குத் தெரியும்?” கொஞ்சம் பொறுத்து, “இத்தனை வருசத்துல நீங்கதாண்ணே மொதல்ல கேக்கிறீங்க. ஏவாரிகிட்ட கேட்டுப் பாக்கிறேன்” என்றார்.

கேட்டாரோ இல்லையோ, நான் ஊருக்குக் கிளம்பி வந்துவிட்டேன். வாரம் ஒருமுறை மீன் வாங்குகிற நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது, அது தெரியும். ஆனால், நூறு பேர் கேட்டால் அந்தத் தம்பி ஏவாரியைக் கேட்பார். ஏவாரி படகுக்காரரைக் கேட்பார். கயிற்றின் இந்த நுனி நம் கையில்தான் இருக்கிறது. லேசாக ஒரு சுண்டு சுண்டலாம்.

அன்றைக்குத் தாத்தா முள்ளை எடுத்துவிட்டு ஆமையைத் தண்ணீர் ஓரமாக வைத்தார். அது உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு நகர்ந்து உள்ளே போனது. தாத்தா சிரட்டையைப் பார்த்தார். மண்புழு இன்னும் மிச்சம் இருந்தது. அதை அங்கேயே கொட்டிவிட்டு, “போதும், வா” என்றார்.